அடக்கமும் அமுக்கமும்: கொழும்புத் தமிழரின் உளச்சோர்வு பற்றி

உளச்சோர்வு ஒரு நோயன்று என வாதிடுவோர் தமிழ்ச் சமூகத்திற் குறைந்துவிட்டனர் எனக் கூறுவதற்கில்லை. சோர்வுற்றவர் இளைஞராயின் அது சோம்பல் எனப்படுகிறது. பெண்ணாயின் பாசாங்கு எனப்படுகிறது. முதியவராயின் வயதின் இயல்பு எனப்படுகிறது. இம்மூன்றும் பொருந்தாவிடத்து 'விசர்' என்ற சொல் ஆயத்தமாக இருக்கின்றது. அச்சொல்லுக்குத் துணையாக அங்கொடை என்ற ஊர்ப்பெயரும் வந்து நிற்கிறது. ஒரு வைத்தியசாலை அமைந்த காரணத்தினால் ஓர் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. அவ்வைத்தியசாலை பின்னர் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது, வசை மாறவில்லை.

இதற்கு மறுதலையாக, உளச்சோர்வு நோயே என ஏற்றுக்கொள்ளும் படித்த பகுதியினரும் உளர். இவர்கள் அதனை மூளையின் இரசாயனத்தில் ஏற்பட்ட ஒரு குறை என மாத்திரம் கொண்டு, மாத்திரையினால் அது சீராகிவிடும் என நம்புவர். முதற்பகுதியினரின் அறியாமையைக் கண்டு நகைக்கவுஞ் செய்வர். ஆயின் இவ்விரு பகுதியினரும் ஒரு விடயத்திலே முற்றிலும் உடன்பாடுடையவர். சோர்வுற்றவரிடம் கேட்கப்பட வேண்டிய முதல் வினாவை இருவருமே கேட்பதில்லை. 'எதனை இழந்தீர்?' என்பதே அவ்வினா. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழரைப் பொறுத்தவரை இவ்வினா தவிர்க்கப்படுவது தற்செயலானதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை உளப்பகுப்பாய்வின் துணைகொண்டு நோக்கின், அடக்கம் எனப் போற்றப்படுவது பல வேளைகளில் அமுக்கமே என்பதும், அவ்வமுக்கத்தின் பொறுப்பு நோயாளியை மட்டுஞ் சார்ந்ததன்று என்பதும் புலனாகும்.

உளப்பகுப்பாய்வின் தோற்றமே சொல்லப்படாத உணர்ச்சி பற்றிய ஆராய்ச்சியில் நிகழ்ந்ததாகும். 1895 இல் யோசெப் புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் இணைந்து ஹிஸ்டீரியா பற்றிய தமது ஆய்வுகளை வெளியிட்டனர். அந்நூலிலே அன்னா ஓ. என்ற புனைபெயராற் குறிக்கப்படும் வியன்னாப் பெண், நோயுற்ற தந்தையைப் பராமரித்த காலத்திலே தானும் நோய்வாய்ப்பட்டவள். அவளது கை விறைத்துச் செயலிழந்தது. தாய்மொழியாகிய ஜெர்மன் நாவில் வராது போயிற்று. ஒரு காலப்பகுதி முழுவதும் ஆங்கிலத்தில் மாத்திரமே அவளாற் பேச முடிந்தது. தந்தையின் படுக்கையருகில் அடக்கிவைத்த அச்சத்தையும் அருவருப்பையும் சினத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தபோது அவ்வக் குறிகள் தணிந்தன என்று புரோயர் எழுதினார். 'பேச்சால் ஆகும் சிகிச்சை' என அம்முறைக்குப் பெயரிட்டவர் மருத்துவரல்லர், அந்நோயாளியே.

ஈண்டு இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்வது அவசியம். ஓர் உணர்ச்சி எழுவதை அறிந்து, அதனை வெளிப்படுத்தாது நிறுத்திக்கொள்வது அடக்குதல். அஃது அறிவோடு செய்யப்படும் செயல். உணர்ச்சி எழுந்தமையையே மனம் அறியாதவாறு நனவிலிக்குள் தள்ளிவிடுவது அமுக்குதல். அடக்கியவர் தாம் அடக்கியதைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம்; அமுக்கியவருக்கு எடுத்துக்கொள்வதற்கு ஏதும் இருப்பதாகவே தெரியாது. ஆயினும் அமுக்கப்பட்டது அழிவதில்லை. அது குறியாக, கனவாக, காரணந் தெரியாத களைப்பாகத் திரும்பி வருகிறது. திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதைக் காட்டி மௌனத்தை நியாயப்படுத்துவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்வதில்லை. வள்ளுவர் கூறியது தன்னை அறிந்தவனின் அடக்கம். தன் துயரத்தையே அறியாதவனின் மௌனம் அவ்வதிகாரத்தினுள் அடங்குவதன்று.

உளச்சோர்வைப் பற்றி 1911 இல் பேர்ளினில் வாழ்ந்த கார்ல் ஏப்ரகாம் முதலில் எழுதினார். வெளிப்படுத்த முடியாத பகைமையுணர்ச்சி அமுக்கப்படுகையிலே சோர்வு தோன்றுகிறது என்பது அவர் கருத்து. 1917 இல் வெளிவந்த 'துக்கமும் மெலங்கோலியாவும்' என்னும் கட்டுரையில் பிராய்ட் அதனை விரித்தார். துக்கம் காப்பவனும் சோர்வுற்றவனும் புறத்தோற்றத்தில் ஒத்தவர்கள். இருவருக்கும் உலகில் நாட்டமில்லை, உறக்கமில்லை, உண்பதில் விருப்பமில்லை. வேறுபாடு ஒன்றே. துக்கம் காப்பவன் தன்னை இகழ்வதில்லை. சோர்வுற்றவனோ தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறான். தான் பயனற்றவன், வாழத் தகுதியற்றவன் என்று தனக்கெதிராகத் தானே வழக்குரைக்கிறான். அவ்வழக்கை உன்னிப்பாகக் கேட்டால், அக்குற்றச்சாட்டுகள் உண்மையில் வேறொருவருக்கு உரியவை என்பது தெரியவரும் எனப் பிராய்ட் கண்டார். இழந்தவர் மீதோ, இழக்கச் செய்தவர் மீதோ எழுந்த சினம், வெளியே செல்ல வழியின்றித் தன்மீது திரும்பிவிடுகிறது.

துக்கம் ஒரு வேலை என்பதே அக்கட்டுரையின் மையக்கருத்து. இறந்தவர் இனி இல்லை என்பதை உலகம் நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்டுகிறது. மனம் அதனை மறுக்கிறது. பின்னர் நினைவு நினைவாகச் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்கிறது. அவ்வேலை முடிந்ததும் மனம் மீண்டும் வாழத் தொடங்குகிறது. இவ்வேலைக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். இழப்பு நிகழ்ந்தது என்ற உறுதி வேண்டும், இழந்தது இன்னது எனப் பெயர் சொல்ல இடம் வேண்டும், காலம் வேண்டும். பிராய்டின் கட்டுரை இம்மூன்றும் இயல்பாகவே கிடைக்கும் எனக் கொண்டது. சமூகமோ அரசோ அவற்றைத் தடுத்துவிடுமாயின் என்ன நிகழும் என்பது அக்கட்டுரையின் ஆய்வுப் பொருளன்று. கொழும்புத் தமிழரின் நிலை அவ்விடத்திலேயே தொடங்குகிறது.

1983 யூலை 23 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அவர்களை அடக்கம் செய்வதற்கெனப் பொரளை கனத்தை மயானத்தில் மறுநாள் ஏற்பாடாகியிருந்தது. அங்கே கூடிய கூட்டத்தைத் தொடர்ந்தே கொழும்பில் வன்செயல் மூண்டது. ஒரு தரப்பின் துக்கம் மறு தரப்பின் அழிவாக மாறிய அந்நாளைக் கறுப்பு யூலை பற்றி எழுதியோர் அரசியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். உளவியல் நோக்கில் அது போதிய அளவு ஆராயப்படவில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் 25 ஆம், 27 ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகை பற்றி அரசாங்கம் நூற்றுக்களிற் பேசியது. ஏனையோர் ஆயிரங்களிற் பேசினர். இன்றுவரை ஒரு தொகை உறுதியாகவில்லை. இறந்தோரின் எண்ணிக்கையே உறுதியாகாத இடத்தில் துக்கத்தின் முதல் நிபந்தனை எவ்வாறு நிறைவேறும்? அவ்வன்செயலை விசாரிக்க ஓர் ஆணைக்குழு நியமிக்கப்படுவதற்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டின் சனாதிபதி ஒருவர் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோருவதற்கு 21 ஆண்டுகள், அதாவது 2004 யூலை வரை, சென்றன.

இதற்கிடையில் கொழும்பிலே தங்கியோரும் திரும்பி வந்தோரும் ஒரு வாழ்க்கைமுறையைக் கற்றுக்கொண்டனர். பஸ்ஸில் தமிழிற் பேசும்போது குரலைத் தாழ்த்துதல், வெளியே செல்கையிற் பொட்டை அழித்துவிடுதல், அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எப்பொழுதும் உடன் வைத்திருத்தல், பிள்ளைகள் 'அந்த நாட்களைப்' பற்றிக் கேட்டாற் பேச்சை மாற்றுதல் என அது அமைந்தது. இம்முறை உயிரைக் காத்தது என்பதை மறுத்தல் நியாயமன்று. அச்சம் கற்பனையாக இருக்கவுமில்லை. 2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததன் பின்னரே அது நின்றது. நகரத்தில் இருப்பதற்கான உரிமையே ஒரே காலைப்பொழுதிற் பறிபோகக்கூடும் என்பதை அனுபவம் கற்பித்தது. அத்தகைய நகரத்தில் உரக்க அழுவது அறிவுடைமையாகுமா எனக் கேட்டால், அக்காலத்தில் இல்லை என்பதே விடை.

ஆயின் உளப்பகுப்பாய்வு கற்பிக்கும் முக்கியமான பாடம் இங்கேயே பொருந்துகிறது. ஆபத்துக் காலத்தில் அமர்த்தப்பட்ட காவலன், ஆபத்து நீங்கிய பின்னரும் வாயிலை விட்டு அகலுவதில்லை. தொடக்கத்தில் அறிந்து செய்த அடக்கம், ஆண்டுகள் செல்லச் செல்ல அறியாது நிகழும் அமுக்கமாகிறது. தந்தையின் காலத்தில் காரணத்தோடு கூடிய மௌனம், மகளின் காலத்திற் காரணமற்ற மௌனமாகிறது. யூலை மாதத்தில் வீட்டிலே ஓர் இறுக்கம் பரவுவதை அவள் காண்கிறாள். ஏன் எனக் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என எவரும் அவளுக்குச் சொன்னதுமில்லை. சொல்லாமலே கையளிக்கப்படும் இத்தகைய சொத்தை மறுப்பதற்கும் வழியில்லை.

2009 உடன் இது மேலுஞ் சிக்கலாயிற்று. வன்னியில் இறுதிப் போரில் உறவினரை இழந்த எத்தனையோ குடும்பங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழ்கின்றன. இறந்தோரைத் தவிரக் காணாமலாக்கப்பட்டோரும் உளர். இவர்களின் தாய்மாருக்குத் துக்கத்தின் முதல் நிபந்தனையே முற்றாக மறுக்கப்பட்டுள்ளது. மகன் இல்லை என உலகம் மெய்ப்பிக்கவில்லை; இருக்கிறான் எனவும் மெய்ப்பிக்கவில்லை. அந்தியேட்டி செய்தால் அவனைத் தானே கொன்றதாக ஆகிவிடுமோ எனத் தாய் அஞ்சுகிறாள். செய்யாதுவிட்டால் அவன் அலைகிறானோ என அஞ்சுகிறாள். 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டிற் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. தாளில் ஒரு சொல் கிடைத்தது. மகனுக்கு என்ன நேர்ந்தது என்ற விடை கிடைக்கவில்லை. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது இழப்பீட்டையன்று, அவ்விடையையே. அவர்களை 'மறக்கத் தெரியாதவர்கள்' எனக் குறைகூறுவோர், மறப்பதற்கு முன்னர் அறிந்திருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அறியாதவர்கள்.

ஓர் ஒப்பீடு இவ்விடத்துப் பயன் தரும். 2019 ஏப்ரில் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் குண்டுத் தாக்குதலுக்குள்ளாயிற்று. அன்று நாட்டின் பல இடங்களில் 250 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு நாட்களில் தேசிய துக்கதினம் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆண்டுதோறும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. நீதி முழுமையாகக் கிடைக்கவில்லை என அம்மக்கள் குரல் எழுப்புகின்றனர், அக்குரல் நியாயமானது. ஆயினும் அவர்கள் தம் இறந்தோரின் பெயரைத் திருத்தலத்தில் உரக்கக் கூறலாம், அழலாம். அவ்வாறே நிகழ வேண்டும். இதே நாட்டில் 2021 சனவரி 8 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்தழிக்கப்பட்டது. மாணவரின் எதிர்ப்பின் பின்னர் அவ்வாண்டிலேயே அது மீளக் கட்டப்பட்டது. 2022 மே 18 இல் காலிமுகத்திடற் போராட்டக் களத்தில் சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்கள் கூடி முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூர்ந்தனர். அடுத்த ஆண்டு அதே நாளிற் பொரளையில் நிகழ்ந்த நினைவேந்தலை ஒரு குழுவினர் குழப்பினர். துக்கத்திற்கான இடம் ஓராண்டு திறப்பதும் மறு ஆண்டு மூடுவதுமாக இருக்கையில், மனத்தின் காவலன் ஓய்வெடுக்க முடியாது.

பழியனைத்தையும் அரசின்மீது சுமத்திவிட்டு அமைதியடைவது எளிது. கொழும்புத் தமிழ் மத்தியதர வர்க்கம் அவ்வமைதிக்கு உரியதன்று. ஒப்பாரியைப் 'பட்டிக்காட்டுப் பழக்கம்' என ஒதுக்கியவர்கள் எவர்? அரசாங்கமன்று. சவப்பெட்டி நுழையாத மின்தூக்கியும் ஒடுங்கிய படிக்கட்டும் கொண்ட தொடர்மாடியிலிருந்து இறந்தவர் மலர்ச்சாலைக்கு மாற்றப்படுகிறார். அங்கே குளிரூட்டப்பட்ட மண்டபத்தில், குறித்த மணிநேரத்தினுள், தாழ்ந்த குரலிற் பேசும் உறவினர் வரிசையாக வந்து கைகொடுத்துச் செல்கின்றனர். எவரேனும் ஒரு முதிய பெண் மார்பிலடித்து அழத் தொடங்கின், அவளைப் பின்வரிசைக்கு அழைத்துச் சென்று சோடா கொடுத்து அமர்த்துகின்றனர். எட்டுச்செலவும் முப்பத்தோராம் நாளும் விருந்தாகவும் நன்றி நவிலலாகவும் சுருங்கிவிட்டன. மூதாதையர் அறியாமையினால் இச்சடங்குகளை நீட்டவில்லை. துக்கம் ஒரு வேலை என்பதையும் அதற்குக் காலம் வேண்டும் என்பதையும் அவர்கள் பிராய்டுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

திருமணச் சந்தை இம்மௌனத்தின் மற்றொரு காவலன். வீட்டில் ஒருவர் உளச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றார் என்பது தெரியவந்தாற் பெண்ணின் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற அச்சத்தினால், நோய் குடும்ப இரகசியமாகிறது. தொலைபேசியில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பேசும் பிள்ளைகளிடம் 'நாங்கள் சுகம்' எனக் கூறும் பெற்றோர் வெள்ளவத்தையில் எத்தனை பேர்! பிள்ளைகளும் 'நாங்களும் சுகம்' என்கின்றனர். பணம் மாதந்தோறும் வருகிறது. தனிமை பற்றிப் பேசினால் நன்றிகெட்டதனமாகிவிடும் என்பதால் அது பேசப்படுவதில்லை. தம்மை விட்டுச் சென்ற பிள்ளைமீது எழும் சினத்தைத் தாய் தனக்குள்ளும் ஒப்புக்கொள்வதில்லை. 'நான் எல்லோருக்கும் பாரம்' என அவள் கூறும்போது, பிராய்ட் கேட்ட அதே வழக்கு கேட்கிறது: பிறர்மீது கூற முடியாத குற்றச்சாட்டு தன்மீது கூறப்படுகிறது.

நா பேசாதவிடத்து உடல் பேசுகிறது. நெஞ்சு படபடப்பு, தலையிடி, உடம்பு உளைவு, நித்திரையின்மை, காரணமற்ற களைப்பு ஆகியவற்றோடு வைத்தியரை நாடுவோர் பலர். இரத்தமும் இதயமும் சோதிக்கப்படுகின்றன. அவ்வாறு சோதிப்பது அவசியமே. உடல் நோயை மனநோய் எனத் தவறாகக் கொள்வது பேராபத்து. ஆயின் சோதனைகள் யாவும் 'நோர்மல்' என வந்தபின் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று கூறி அனுப்புவது வைத்தியமன்று. போரினால் ஏற்பட்ட மனவடுக்களைப் பற்றி 1998 இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்ட யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனிமனிதரின் மனம் மாத்திரமன்றிக் குடும்பமும் சமுதாயமுமே புண்பட்டுள்ளன என வற்புறுத்தி வந்துள்ளார். சமுதாயத்தின் புண்ணுக்குத் தனிமனிதருக்கு மாத்திரம் மருந்து கொடுப்பது எவ்வளவு தூரம் போதும் என்ற வினா அவரது எழுத்துக்களிலிருந்து எழுகிறது.

இனி, எதிர்வாதங்களை நோக்கலாம். உளப்பகுப்பாய்வு மேனாட்டாரின் சரக்கு என்பது ஒன்று. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் அமுக்கம் பற்றியே ஆராய்ந்து 1921 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார் என்பதும், 1922 இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார் என்பதும், பிராய்டின் கருத்துகள் சிலவற்றை மறுத்து அவருக்கே கடிதம் எழுதினார் என்பதும் இவ்வாதத்திற்குப் போதிய விடையாகும். வசதிபடைத்த வர்க்கத்தின் ஆடம்பரம் அது என்பது மற்றொன்று. நோயாளியைப் பல்லாண்டுகள் சாய்விருக்கையிற் படுக்கவைத்துப் பணம் பெறும் முறையைப் பொறுத்தவரை அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை பணியாற்றிய பிரான்ஸ் பனோன், ஒடுக்கப்பட்ட மக்களின் நோயை ஒடுக்குமுறையோடு சேர்த்து நோக்கினார். 1961 இல் வெளிவந்த அவரது இறுதி நூலிலே குடியேற்றநாட்டுப் போரும் உளநோயும் பற்றி ஓர் இயலே உண்டு. கருவி எவருடையது என்பதிலும் பார்க்க எவருக்காக அது கையாளப்படுகிறது என்பதே முக்கியம்.

இவ்விரண்டினும் வலிமை வாய்ந்த எதிர்வாதத்தை இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் முன்வைத்தார். மேனாட்டு உளமருத்துவர் உளச்சோர்வு எனக் கொள்ளும் குறிகள், பௌத்த சமூகத்தில் வாழ்க்கை துன்பமயமானது என்ற தத்துவ நோக்கோடு இணைந்து பொருள்பெறுகின்றன. அங்கே அவை நோயாகாமல் வாழ்க்கைத் தெளிவாக மாறக்கூடும். இம்மாற்றத்தை நிகழ்த்துவதே பண்பாட்டின் பணி என்பது அவர் வாதம். சைவ மரபின் நிலையாமைக் கொள்கைக்கும் கிறித்தவ மரபின் சிலுவைக் கொள்கைக்கும் இதனை விரித்துக் கூறுவோர் உளர். இவ்வாதம் சிந்தனைக்குரியது. ஆயின் பண்பாடு தன் பணியைச் செய்வதற்கு அனுமதிக்கப்படும்போது மாத்திரமே இவ்வாதம் செல்லும். பெயர் சொல்ல முடியாத இறப்பு, உடல் கிடைக்காத மகன், விளக்கேற்றினால் விசாரிக்கப்படக்கூடிய நாள் ஆகியவற்றின் நடுவே எந்தப் பண்பாடு எந்தப் பணியைச் செய்யும்? கொழும்புத் தமிழரின் உளச்சோர்வு மேனாட்டிலிருந்து வந்த பெயரன்று. பண்பாட்டின் பணி தடைபட்டபோது எஞ்சிய துயரமே அது.

அப்பணி தடைப்படாத இடங்களில் என்ன நிகழ்ந்தது என்பதற்குச் சான்றுகள் உள. போர்க்காலத்தில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில், உருவேறியவர்களிடம் தாய்மார் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு அழுததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். வேறெங்கும் கேட்க முடியாத வினாவைக் கேட்கும் இடமாகக் கோயில் விளங்கிற்று. கொழும்பிலும் அத்தகைய ஒரு நாள் இருந்தது. 1987 முதல் 1989 வரையிலான கிளர்ச்சிக் காலத்திற் காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞரின் தாய்மார் 1990 இல் மாத்தறையில் அன்னையர் முன்னணியை அமைத்தனர். 1992 இல் அவர்கள் கொட்டாஞ்சேனைக்கு அப்பாலுள்ள முகத்துவாரம் காளியம்மன் கோயிலிற் கூடி, தேங்காய் உடைத்து, ஆட்சியாளரைச் சபித்து அழுதனர். தமிழரின் காளியிடம் சிங்களத் தாய்மார் முறையிட்ட அந்நிகழ்ச்சி, துயரம் எம்மொழிக்கும் தனியுரிமையன்று என்பதற்குச் சான்று. சினம் அங்கே தம்மை நோக்கித் திரும்பவில்லை. உரியவரை நோக்கிச் சென்றது.

உளச்சோர்வு யாவும் அமுக்கப்பட்ட துக்கமே என இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. பிராய்டே 1917 இல் தமது விளக்கம் எல்லா நோயாளருக்கும் பொருந்தும் என உரிமை கோரவில்லை; சில வகைகள் உடலைச் சார்ந்தவையாக இருக்கலாம் எனவும் ஒப்புக்கொண்டார். கடும் சோர்வுக்கு மருந்து இன்றியமையாதது. கட்டுரை வாசித்து மாத்திரையை நிறுத்துவோர் தம் உயிரோடு விளையாடுகின்றனர். இலங்கையில் தற்கொலை வீதம் 1995 அளவில் இலட்சத்துக்கு 47 ஆக உயர்ந்திருந்தது. பின்னர் அது பெருமளவு குறைந்ததற்கு நச்சுப் பூச்சிநாசினிகளைத் தடைசெய்தமை முக்கிய காரணம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டம் 1998 இல் நீக்கப்பட்டது. மனத்தை ஆராய்வதற்கு முன்னர் உயிரைக் காக்கும் நடைமுறைகள் உள என்பதை இவை உணர்த்துகின்றன. அழவைத்தாற் போதும் என்பதும் சிகிச்சையன்று. 2004 டிசெம்பர் சுனாமியின் பின்னர் மொழியறியாத ஆலோசகர் பலர் வந்திறங்கி, அவலத்தை உடனே சொல்லும்படி மக்களைத் தூண்டியமை கண்டனத்துக்குள்ளாயிற்று. வற்புறுத்திப் பெறும் வாக்குமூலம் துக்கமாகாது. அமுக்கப்பட்டதை நினைவுகூர்வதும் கடந்து செல்வதும் நீண்டகாலப் பணி எனப் பிராய்ட் 1914 இலேயே எழுதினார்.

ஆகவே வேண்டப்படுவன எவை? முதலாவது, மொழி. அன்னா ஓ. தாய்மொழியை இழந்து நோயுற்றாள். கொழும்புத் தமிழ் நோயாளியோ நோயைக் கூறவே தாய்மொழியை விட்டுவிட வேண்டியவராகிறார். தமிழும் அரசகரும மொழி என்கிறது 1987 இன் 13 ஆவது திருத்தம். ஆயின் சிகிச்சை நிலையத்தில் 'மனம் ஏங்குது' என்பதை மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியரைத் தேட வேண்டிய நிலை நீடிப்பின், அத்திருத்தம் நோயாளியை எட்டவில்லை என்பதே பொருள். பேச்சால் ஆகும் சிகிச்சைக்குப் பேசும் மொழி தெரிந்தவர் வேண்டும். அவர்களைப் பயிற்றுவிப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. இரண்டாவது, இடம். இறந்தோரை எவ்வினத்தவரும் அச்சமின்றி நினைவுகூரும் உரிமை அரசியற் சலுகையன்று. அது பொதுச் சுகாதாரம் சார்ந்த தேவை. மூன்றாவது, வீடு. சட்டமும் அரசும் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இடம் அதுவே. இறந்தவரின் பெயரைப் பிள்ளைகள் முன்னிலையில் உரக்கக் கூறுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை. 1983 இல் வீடு எரிந்தது என்றால் எரிந்தது எனக் கூறலாம். தம்பி திரும்பி வரவில்லை என்றால் வரவில்லை எனக் கூறலாம்.

தமிழில் 'அடக்கம்' என்ற சொல்லுக்குப் பணிவு என்ற பொருளும் உண்டு. இறந்தவரை மண்ணில் இடுதல் என்ற பொருளும் உண்டு. இறந்தவரை அடக்கம் செய்தவர்களே பின்னர் அடக்கத்தோடு வாழ முடியும். அடக்கம் செய்யப்படாத துயரத்தைச் சுமந்து நிற்பவரிடம் அடக்கமாக இரு எனக் கூறுவது அறிவுரையன்று. அது அவரது நோயை நீடிக்கச் செய்யும் கட்டளை. அக்கட்டளையைப் பிறப்பிக்க எவருக்கும் உரிமையில்லை.